பியாசோலாவின் நான்கு பருவங்கள்: தனி வயலினும் தந்திக்குழுவும் வாசிக்க முழுமையான வழிகாட்டி

அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவில் டிரம் கிடையாது. இதை மறந்துவிட்டு இந்தப் படைப்பைக் கையில் எடுக்கும் குழுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. முன்னால் நிற்கும் வயலின் உருகி உருகிப் பாடும். பின்னால் இருப்பவர்கள் அதற்குத் தலையணை போட்டுக் கொடுப்பதுபோல மெத்தென்று வாசிப்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் அது டாங்கோ அல்ல. தாளவாத்தியம் இல்லாத இசையில் தாளத்தை யார் சுமப்பது? வில்லும் தந்தியும் மரமும்தான் சுமக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி தனி வயலினிலிருந்து தொடங்காது. அடியிலிருந்து, குழுவிலேயே தாழ்ந்த ஒலி தரும் டபுள் பாஸிலிருந்து மேலே ஏறும்.

எடுத்துக்கொண்ட படைப்பு: ஆஸ்டர் பியாசோலாவின் 'பியூனஸ் அயர்ஸின் நான்கு பருவங்கள்', லியோனித் தெஸ்யாத்னிகோவ் தனி வயலினுக்கும் தந்திக்குழுவுக்குமாக அமைத்த வடிவம். ஓரளவு மேற்கத்திய முறையில் வயலின் வாசிக்கத் தெரிந்தவர்களையும், ஏழெட்டுப் பேரையாவது ஒரு அறையில் கூட்டக்கூடியவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வாசிக்காமல் கேட்க மட்டும் விரும்புகிறவர்கள் முதல் படி, இரண்டாம் படி, ஏழாம் படி மூன்றையும் படித்தால் போதும்.

தொடங்கும் முன்: கையில் இருப்பது என்ன?

பியாசோலா 1921-ல் அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாத்தா நகரில் பிறந்தவர். சிறுவயதின் பெரும்பகுதி நியூயார்க்கில் கழிந்தது. திரும்பி வந்து அனிபால் த்ரோய்லோவின் புகழ்பெற்ற டாங்கோ குழுவில் பாண்டோனியோன் என்ற துருத்தி வாத்தியம் வாசித்தார். அதே காலத்தில் அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஹினஸ்தேராவிடம் இசையமைப்பும் படித்தார். 1954-ல் பாரிஸுக்குப் போய் நாடியா பூலாஞ்சேயிடம் சேர்ந்தபோது, தான் டாங்கோக்காரன் என்பதையே மறைக்கப் பார்த்தார். அவருடைய சிம்பொனிகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்றும் தட்டாத அந்த ஆசிரியைக்கு, வற்புறுத்தி வாசிக்க வைத்த ஒரு டாங்கோவில்தான் பியாசோலா கண்ணில் பட்டார். ஊர் திரும்பியவர் 1960-ல் ஐவர் குழு ஒன்றை அமைத்தார்: பாண்டோனியோன், வயலின், பியானோ, மின்கிட்டார், டபுள் பாஸ்.

நான்கு பருவங்களும் அந்த ஐவருக்காக எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் எழுதியவையும் அல்ல. கோடை 1965-ல் ஒரு நாடகத்துக்காகப் பிறந்தது. மற்ற மூன்றும் 1969, 1970 ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. ஸ்பானிய மூலத்தில் ஒவ்வொரு தலைப்பிலும் 'போர்த்தேன்யோ' என்ற அடைமொழி வரும். துறைமுகத்துக்காரர், அதாவது பியூனஸ் அயர்ஸ்வாசி என்று பொருள். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் புகழ்பெற்ற 'நான்கு பருவங்களில்' பறவை கூவும், நாய் குரைக்கும், பனியில் கால் வழுக்கும். இங்கே அதெல்லாம் இல்லை. ஒரு நகரத்து மனிதனுக்குள் நான்கு பருவங்கள் எப்படி நகர்கின்றன என்பதுதான் விஷயம்.

உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்த தெஸ்யாத்னிகோவ், லாட்வியாவைச் சேர்ந்த வயலின் கலைஞர் கீதோன் கிரெமருக்காக 1996-க்கும் 1998-க்கும் இடையில் இந்த வடிவத்தைச் செய்தார். இதைப் பெயர்த்தெழுதல் என்று சொல்லிவிட முடியாது. பாண்டோனியோன், பியானோ, கிட்டார் மூன்றின் வேலையையும் பிரித்துத் தந்திகளுக்குக் கொடுத்திருக்கிறார். தனிவாசிப்புகளை நீட்டியிருக்கிறார். விவால்டியை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார். பாதி பியாசோலா, பாதி தெஸ்யாத்னிகோவ் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

படி 1: ஐவரைக் கேளுங்கள், தந்திக்குழுவை அல்ல

ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்பு நூலைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம், தந்திக்குழுப் பதிவு எதையும் கேட்காதீர்கள். பியாசோலாவின் ஐவர் குழு 1970-ல் பியூனஸ் அயர்ஸின் ரெஹினா அரங்கில் நான்கு பருவங்களையும் வாசித்த பதிவு கிடைக்கிறது. வயலின் அந்தோனியோ அக்ரி, பாஸ் கீச்சோ தியாஸ். இதை ஐந்து முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தின் பின்னால் மட்டும் போங்கள். வயலினைக் கடைசிக்கு வையுங்கள். ஆசை அடங்காதுதான், ஆனாலும் கடைசிக்கு.

பாண்டோனியோனுக்கு ஒரு முறை தனியாகக் காது கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பாண்ட் என்பவரின் பெயரால் வழங்கிய துருத்தி வாத்தியம் இது. நம்மூர் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டைகள் இல்லை, 71 பொத்தான்கள். துருத்தியைத் திறக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது அதே பொத்தானில் வேறொரு ஸ்வரம். வாசிப்பவர் வாத்தியத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, அழுத்தம் வேண்டிய இடத்தில் உடம்பின் எடையையே இறக்குவார். அதனால் ஒலி ஒரு வெட்டோடு பிறந்து, நடுவில் வீங்கி, சட்டென்று அறுந்துபோகும். தெஸ்யாத்னிகோவின் வடிவத்தில் உங்கள் வில் செய்ய வேண்டிய வேலையில் பாதி இதுதான்: வெட்டு, வீக்கம், அறுப்பு. வழவழவென்று நீளும் வில்வீச்சு இங்கே பெரும்பாலும் உதவாது.

படி 2: வாத்தியத்தை எடுக்காமல் வாயால் சொல்லுங்கள்

பியாசோலாவின் கையெழுத்து என்று சொல்லத்தக்க தாள அமைப்பு மூன்று, மூன்று, இரண்டு. எட்டு அரைத்தட்டுகளை இப்படிப் பிரிப்பது. மேற்கத்திய மாணவர்கள் இதை எண்ணிக் கற்கப் பல நாள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'தகிட தகிட தக.' முடிந்தது.

முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், இனிமேல்தான் பயிற்சி. காலால் நான்கு தட்டுகளைச் சீராகப் போடுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. வாய் 'தகிட தகிட தக' சொல்லட்டும். முதல் 'த' முதல் தட்டில் விழும். இரண்டாவது 'த' இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கும். மூன்றாவது 'த' நான்காம் தட்டில் சரியாக உட்காரும். அந்தரத்தில் நிற்கும் அந்த 'த'தான் டாங்கோவின் உயிர். காலோ கையோ அதன் பக்கம் சாய்ந்தால் எல்லாம் கெட்டது.

லயப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிருதங்கத்தில் இதைச் சொல்லும்போது எழுத்துகள் எல்லாம் தெளிவாக, ஏறத்தாழ சமமாக வரும். இங்கே மூன்று 'த'க்களும் கல் விழுவதுபோல விழ வேண்டும். இடையில் உள்ள 'கிட', 'க' எல்லாம் மூச்சளவுக்குத்தான். மெட்ரோனோமை 60-ல் வைத்துத் தொடங்கி, குழு முழுவதும் ஒன்றாகச் சொல்லும்வரை வேகத்தை ஏற்றாதீர்கள். ஒத்திகையின் முதல் இருபது நிமிடம் வாத்தியங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சிரிப்பு வரும். வரட்டும்.

படி 3: பாஸும் செல்லோவும்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். டபுள் பாஸ் ஒன்றாவது இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. செல்லோவை வைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சமாளிக்கலாம்தான், அஸ்திவாரம் இல்லாமல் வீடு கட்டுவதுபோல.

டாங்கோவின் அடித்தளத்துக்கு மூன்று பழக்கங்கள் வேண்டும். முதலாவது 'மார்காத்தோ'. ஒரு ஆவர்த்தத்தின் நான்கு தட்டுகளையும் குட்டையாக, உலர்ந்த ஒலியில் வாசிப்பது. வில்லின் அடிப்பாகத்தில், கைப்பிடிக்கு அருகிலேயே, இரண்டு அங்குல நீளத்துக்கு மேல் போகாமல் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வில் தந்தியிலேயே நின்று ஒலியைக் கொல்ல வேண்டும். தந்தி தானாக அதிர்ந்துகொண்டிருந்தால் அது டாங்கோவை விட்டு ஐரோப்பிய வியன்னா பாணி ஆகிவிடும்.

இரண்டாவது 'யும்பா'. ஒஸ்வால்தோ புக்லியேஸே என்ற மேதையின் குழு தந்த அழுத்தமுறை. முதல் தட்டும் மூன்றாம் தட்டும் கனமாக இறங்கும், இரண்டும் நான்கும் வெறும் நிழல். வாயால் சொன்னாலே புரிந்துவிடும்: யூம்-ப, யூம்-ப. நான்கு பருவங்களில் இது எல்லா இடத்திலும் வராது. வேகமான பகுதிகளில் தொண்டை வரைக்கும் தகிட தகிட தகதான். ஆனாலும் யும்பா தெரியாத பாஸ்காரர் வாசிக்கும் மார்காத்தோவில் எடை இருக்காது. அதனால் தனியாகப் பழக வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம்: 'அர்ராஸ்த்ரே', இழுத்துவருதல். அழுத்தமான தட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வில் தந்தியைப் பிடித்து, கீழிருந்து வழுக்கிக்கொண்டே ஒலியைப் பெருக்கி, சரியாகத் தட்டில் வெடிக்க வேண்டும். கனமான மரப்பெட்டியைத் தரையில் தரதரவென்று இழுத்துவந்து சுவரில் மோதினால் எப்படி இருக்கும், அதுதான். எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இழுப்பைத் தட்டில் தொடங்கிவிடுவார்கள், வெடிப்பு தாமதமாகும். மோதல்தான் தட்டில் வர வேண்டும். இழுப்பு முந்தைய ஆவர்த்தத்திலிருந்து திருடிய நேரம். இதற்கு நல்ல பயிற்சி: ஒரே ஸ்வரம், நான்கு தட்டு. மூன்று தட்டு மௌனம், நான்காம் தட்டின் பின்பாதியில் இழுப்பு, முதல் தட்டில் மோதல். பத்து நிமிடம். செல்லோக்களும் வயோலாக்களும் இதையே ஒட்டிச் செய்யட்டும்.

பாஸும் செல்லோவும் மட்டும் வாசித்து, அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் ஆடத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: சிள்வண்டும் சாட்டையும்

டாங்கோ வயலின்காரர்கள் டிரம் இல்லாத குறையைத் தீர்க்க வாத்தியத்தின் உடம்பிலேயே ஒரு தாளக்கருவிக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பெயர்களைக் கேட்டாலே ஒலி தெரியும்.

'சிச்சர்ரா' என்றால் சிள்வண்டு. பிரிட்ஜுக்குப் பின்னால், தந்தியின் அடிமுனையில் நூல் சுற்றிய இடம் இருக்கிறதல்லவா, அங்கே, வழக்கமாக 'டி' தந்தியில், வில்லின் அடிப்பாகத்தால் குட்டையாக அழுத்தி உரச வேண்டும். ஸ்வரம் எதுவும் கேட்கக் கூடாது. கரகரவென்ற தாளம் மட்டும் வர வேண்டும். நான் முதன்முதலில் இதைப் பழகிய மாலையில் பக்கத்து வீட்டு அம்மா, "மரம் அறுக்க ஆள் வந்திருக்காங்களா?" என்று விசாரித்தார். சரியாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நூலில் ரோசின் அப்பிக்கொள்ளும், பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பழகும்போது நல்ல வில்லை வைத்துவிட்டுப் பழைய வில்லை எடுப்பது புத்திசாலித்தனம்.

'தம்போர்' என்றால் முரசு. இடக்கை விரல் நகம் 'ஜி' தந்தியை உரசி நிற்கும்படி வைத்து, வலக்கையால் அந்தத் தந்தியை மீட்டினால் ஸ்நேர் டிரம்போல டப்பென்று ஒரு ஒலி வரும். நகத்தின் நிலை ஒரு நூலிழை மாறினாலும் வராது. அவரவர் வாத்தியத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

'லாத்திகோ' சாட்டை. 'ஈ' தந்தியில் மேல்நோக்கி ஒரே வீச்சில் வழுக்கி, எங்கே போய் முடிந்தது என்று தெரியாமல் விட்டுவிடுவது. மெதுவாகச் செய்தால் ஊளை, வேகமாகச் செய்தால் சாட்டை. பாஸுக்கு 'கோல்பே' என்ற அடி உண்டு. உள்ளங்கையால் வாத்தியத்தின் உடம்பில் தட்டுவது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தட்டவும்.

இவற்றை எல்லாம் வேடிக்கைச் சத்தமாக நினைத்து அங்கங்கே தூவினால் அசிங்கமாகிவிடும். ஸ்கோரில் எழுதிய இடத்தில், எழுதிய தாளத்தில், மெட்ரோனோமோடு பழகுங்கள். சிச்சர்ரா வாசிப்பவர்தான் அந்த நேரத்துக்கு உங்கள் மிருதங்கக்காரர். மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

படி 5: இப்போதுதான் தனி வயலின்

தனி வயலினுக்கு இந்தப் படைப்பில் இரண்டு குணங்கள். வேகப் பகுதிகளில் அதுவும் குழுவின் ஒரு தாளக்கருவி. அங்கே மேலே சொன்ன எல்லா விதிகளும் அதற்கும் பொருந்தும். மெதுவான பகுதிகளில் அது பாடகர். அந்தப் பாட்டுக்கு 'ஃபிராசேயோ' என்று ஒரு கலை உண்டு.

ஃபிராசேயோ என்பது ஸ்கோரில் சமமாக எழுதிய ஸ்வரங்களைச் சமமில்லாமல் வாசிப்பது. வரியின் தொடக்கத்தில் இழுத்துப் பிடித்து, நடுவில் அவசரமாகக் கொட்டி, முடிவில் குழுவோடு சரியாக வந்து சேர்வது. குழு ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. தாளம் அசையாமல் நிற்க, சாகித்யம் மட்டும் முன்னும் பின்னும் போய் வரும் கச்சேரிப் பாட்டைக் கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ரொமான்டிக் பாணியில் எல்லோருமாகச் சேர்ந்து வேகத்தைக் குறைப்பது வேறு. அதை இங்கே கொண்டுவந்தால் படைப்பு கண்ணீரில் ஊறிப்போகும்.

பழகும் விதம்: மெதுவான பகுதியின் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாஸ் வரியை வாசிக்கட்டும். முதலில் எழுதியபடி வாசியுங்கள். பிறகு முதல் ஸ்வரத்தை வேண்டுமென்றே அரைத்தட்டு தாமதமாக எடுத்து, முடிவில் சேருங்கள். பிறகு முந்தி எடுங்கள். பத்து விதமாக வாசித்துவிட்டு, பதினோராவதை யோசிக்காமல் வாசியுங்கள். பெரும்பாலும் அதுதான் மேடைக்கு வரும்.

கர்நாடக சங்கீதத்திலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. வழுக்கல் நமக்குக் கைவந்தது, அது வசதி. ஆனால் நம் கை இரண்டு பக்கமும் ஆடும், ஸ்வரத்தைச் சுற்றி வட்டமிடும். டாங்கோ வழுக்கல் ஒரே திசையில் போய் ஒரு ஸ்வரத்தில் இறங்கி நின்றுவிடும். வரிக்கு ஒரு வழுக்கல் என்று கஞ்சத்தனமாக இருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் வழுக்கினால் ஹோட்டல் லாபியில் ஒலிக்கும் இசை ஆகிவிடும்.

படி 6: எந்த வரிசையில் கற்பது?

மேடை வரிசை வேறு, கற்கும் வரிசை வேறு. குளிரிலிருந்து தொடங்குங்கள். நான்கில் அதிகம் பாடுவது அதுதான், ஃபிராசேயோவுக்கு நல்ல பள்ளிக்கூடம். அதன் முடிவில், அவ்வளவு குமுறலுக்குப் பிறகு, விவால்டி வாழ்ந்த பாரோக் காலத்துப் பாட்டுபோல அமைதியாகப் படியிறங்கும் ஒரு பகுதி வரும். அங்கே எல்லா டாங்கோ வித்தைகளையும் கழற்றி வைத்துவிட்டு நேராக வாசியுங்கள், அதிர்வைக்கூடக் குறைத்துக்கொண்டு.

அடுத்து கோடை. பிறகு வசந்தம். வசந்தம் ஃபியூக் பாணியில் தொடங்குகிறது. ஒருவர் எடுத்த கருவை அடுத்தவர் துரத்திப் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வில்வீச்சு, ஒரே அழுத்தம். முதல் வயலின் ஒரு மாதிரியும் வயோலா வேறு மாதிரியும் எடுத்தால் துரத்தல் தெரியாது, கூட்டம்தான் தெரியும். அந்தக் கருவைக் குழு முழுவதும் ஒன்றாக, ஒரே சுருதியில் பழகிவிட்டுப் பிரியுங்கள்.

இலையுதிர்காலம் கடைசி. அதில் செல்லோவுக்கு நீண்ட தனிவாசிப்பு இருக்கிறது, வயலினுக்கும் உண்டு. உங்கள் குழுவின் செல்லோக்காரர் கூச்ச சுபாவி என்றால் மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

படி 7: விவால்டியைத் தேடுங்கள்

பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ். விவால்டியின் வெனிஸில் பனி உறையும்போது பியூனஸ் அயர்ஸில் வேர்த்து ஊற்றும். தெஸ்யாத்னிகோவ் இதை வைத்து விளையாடுகிறார். பியாசோலாவின் கோடைக்குள் விவால்டியின் குளிரிலிருந்து துண்டுகள் வந்து விழும். மாதம் ஒன்றுதானே, அர்த்தம் சரிதான்.

ஆகவே 1725-ல் அச்சான விவால்டியின் நான்கு பருவங்களைத் தனி வயலின் வாசிப்பவர் மட்டுமல்ல, குழுவில் எல்லோரும் காதில் ஏற்றியிருக்க வேண்டும். ஸ்கோரில் விவால்டி வரும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். அங்கே நொடிப்பொழுதில் வில் மாற வேண்டும்: டாங்கோவின் அழுத்தம் விலகி, லேசான, வேகமான பாரோக் வில். அடுத்த ஆவர்த்தத்தில் மறுபடி கனம். "பாருங்கள், ஜோக் சொல்கிறேன்" என்று கண்ணடித்து வாசிக்காதீர்கள். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் திடுக்கிடுவார்கள். இரண்டுமே நல்லதுதான்.

கிரெமர் தன் கிரெமெராத்தா பால்டிகா குழுவோடு விவால்டியையும் பியாசோலாவையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்த்து எட்டுப் பருவங்களாகப் பதிவு செய்தார். இப்போதுதான் அந்தப் பதிவைக் கேளுங்கள். முன்பே கேட்டிருந்தால் அவரைப் போலச் செய்யத்தான் கை போயிருக்கும்.

படி 8: மேடைக்கு முன்

பியாசோலா 1992-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. தெஸ்யாத்னிகோவ் நம்மோடு வாழ்பவர். எனவே இணையத்தில் சுற்றும் மங்கலான நகல்களை விட்டுவிட்டு, பதிப்பாளரிடம் முறையாகப் பெறுங்கள். நகல்களில் வில்குறிகள் பாதி அழிந்திருக்கும் என்பது கூடுதல் காரணம்.

நான்கையும் வாசிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். முடிந்தால் செல்லோ தவிர மற்றவர்கள் நின்று வாசியுங்கள், உடம்பின் எடை வில்லுக்கு இறங்கும். பாஸை ஓரத்தில் ஒதுக்காமல் நடுவில், தனி வயலினுக்கு நேர் பின்னால் நிறுத்துங்கள். தனி வயலின் முதுகால் அவரைக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் இப்போது முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பியாசோலாவின் 'ஒப்லிவியன்' மெதுவானது, ஃபிராசேயோ பழக அதைவிட நல்லது கிடையாது. 1974-ன் 'லிபெர்டாங்கோ' முழுக்க முழுக்க தகிட தகிட தக. குழுவே இல்லாத தனியாளுக்கு, அவர் புல்லாங்குழலுக்காக எழுதிய ஆறு டாங்கோ பயிற்சிகள் வயலினிலும் வாசிக்கப்படுகின்றன. துணைக்கு யாரும் இல்லாததால் பாஸின் வேலையையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். காலைத் தட்டத் தொடங்குங்கள்.